தாமிரபரணிக் கரையில் கல்லையும் தண்ணீரையும் சேர்த்துப் படிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை தாமிரபரணி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடுகிறது. வழிநெடுக இரு கரையிலும் கருங்கல் படித்துறைகள், கல்மண்டபங்கள், தீர்த்தக்கட்டங்கள். இவற்றைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இரண்டு அணியாக இருக்கிறார்கள். ஒரு அணி சிற்பம், கல்வெட்டு, மண்டபம் என்று கல்லையே பார்க்கும். இன்னொரு அணி சாக்கடை, ஆகாயத்தாமரை, மீன் என்று தண்ணீரையே பார்க்கும். பல்கலைக்கழகங்களிலும் கட்டடக்கல் பாதுகாப்பு ஒரு துறை, நீர்ச்சூழல் நலம் வேறொரு துறை.

ஆற்றங்கரைக் கல்லை எடுத்துக்கொண்டால் இந்தப் பிரிவினை செல்லாது. ஆற்றில் கலக்கும் உப்பு கல்லுக்குள் ஏறுகிறது. கல்லைப் பளபளப்பாக்க ஊற்றும் ஆசிட் ஆற்றில் இறங்குகிறது. காலை வழுக்கும் பாசிப்படலத்தைக் கல் ஆய்வாளர் கல்லின் நோய்க்குறியாகப் பார்க்கிறார், நீர் ஆய்வாளர் ஆற்றின் உடல்நிலைச் சான்றாகப் பார்க்கிறார். படலம் ஒன்றுதான். ஆகவே இரண்டையும் ஒரே நோட்டில், ஒரே நாளில், ஒரே இடத்தில் பதிவு செய்யப் பழக வேண்டும். கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஊர் இளைஞர்கள் யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரே இடத்துக்கு மாதாமாதம் சலிக்காமல் போகிற பழக்கம்தான் வேண்டும்.

முதலில் இடம்

உங்கள் வீட்டிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய ஒரு படித்துறையைத் தேர்ந்தெடுங்கள். திருநெல்வேலி நகரத்தில் இருப்பவர்களுக்குக் குறுக்குத்துறை, சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை இருக்கின்றன. மேற்கே அம்பாசமுத்திரம், திருப்புடைமருதூர், முக்கூடல், சேரன்மகாதேவி. கிழக்கே சிற்றாறு வந்து சேரும் சீவலப்பேரி, அப்புறம் ஸ்ரீவைகுண்டம். பாபநாசம் மனதைக் கவரும் இடம்தான். ஆனாலும் புதியவர்கள் அங்கே தொடங்க வேண்டாம் என்பேன். பரிகாரத்துக்காக ஆற்றில் விடும் துணிகள், அமாவாசைக் கூட்டம், அணையிலிருந்து வரும் நீரின் ஏற்ற இறக்கம் எல்லாம் சேர்ந்து அளவுகளை நாளுக்கு நாள் மாற்றிவிடும். எது இயல்பு, எது மாற்றம் என்று கண் பழகாதவர்களுக்குக் குழப்பமே மிஞ்சும்.

ஒரு இடம் மட்டும் போதாது, ஒப்பிட இன்னொன்றும் வேண்டும். ஊர்ச் சாக்கடை கலப்பதற்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டால் நல்லது. மேலே என்ன இருந்தது என்று தெரியாமல் கீழே எடுத்த அளவை வைத்து யாரையும் குறை சொல்ல முடியாது.

இடத்தைக் குறிக்கும்போது அணைக்கட்டுகளை மறக்காதீர்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் இந்த ஆற்றில் உண்டு. அணைக்கட்டுக்கு மேலே தண்ணீர் தேங்கி நிற்கும், வண்டல் படியும். கீழே கல்லில் மோதி நுரைத்து ஓடும்போது காற்றைக் குடித்துக்கொள்ளும். ஆகவே ஆக்சிஜன் அளவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. உங்கள் இடம் எந்த அணைக்கட்டுக்கு மேலே, எதற்குக் கீழே என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

அனுமதியும் பாதுகாப்பும்

கோயிலைச் சேர்ந்த மண்டபம் என்றால் செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தொல்லியல் துறையின் பலகை இருந்தால் அந்தத் துறையிடம் கேட்க வேண்டும். ஆற்றங்கரை மண்டபங்கள் சில சமுதாய அறக்கட்டளைகளுக்குச் சொந்தம், சில ஊராட்சியின் பொறுப்பில் உள்ளவை. பக்கத்துக் கடைக்கார அண்ணாச்சியிடம் விசாரித்தாலே பாதி விவரம் கிடைத்துவிடும். அனுமதி இருந்தாலும் கல்லில் ஒரு சில்லுகூடப் பெயர்க்கக் கூடாது, பென்சில் கோடுகூடப் போடக் கூடாது.

ஆற்றைப் பொறுத்தவரை தனியாகப் போகாதீர்கள். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று கிளம்புவதற்கு முன் பார்த்துவிடுங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க வேண்டிய வேலை எதுவும் இந்த வழிகாட்டியில் இல்லை.

பையில் என்ன வேண்டும்?

தடித்த நோட்டு, பென்சில் (பேனா மை நனைந்தால் கரைந்துவிடும்), அளவு நாடா, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், நல்ல டார்ச், மென்மையான பிரஷ், சொட்டு மருந்துக் குழல், காய்ச்சி வடித்த நீர் ஒரு பாட்டில். தண்ணீருக்கு, அமிலமா காரமா என்று காட்டும் பாக்கெட் அளவு பிஎச் மீட்டர், கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர், வெப்பமானி, கரைந்த ஆக்சிஜன் பார்க்கும் கிட், வெள்ளை பிளாஸ்டிக் தட்டு, நெருக்கமான கண்ணுள்ள வலை. படம் எடுக்க கைபேசி போதும். படத்தில் அளவு தெரிய ஆறு அங்குல ஸ்கேல் ஒன்றைக் கல்லருகே பிடித்து எடுங்கள்.

பிஎச் மீட்டர் வாங்கினால் அதைச் சரிபார்க்கும் தாங்கல் கரைசல்களையும் சேர்த்து வாங்குங்கள். 4, 7, 10 என்ற அளவுகளில் பொட்டலமாகவே கிடைக்கும். வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடச் சரிபார்க்காத மீட்டர் காட்டும் எண்ணை நம்பி எதையும் எழுதக் கூடாது.

கல்லைப் படிப்பது

எந்தக் கல் என்பது முதல் கேள்வி. நம் பக்கத்தில் எல்லாமே கருங்கல்தான். ஆனால் அந்தப் பெயருக்குள் முக்கியமாக இரண்டு வகை இருக்கிறது. வெளுப்பும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக ஓடினால் அது நைஸ் வகை. பட்டை இல்லாமல் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், உடைந்த இடம் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கினால் பெரும்பாலும் சார்னோகைட். இரண்டுமே அடர்த்தியான கற்கள், புதிதாக வெட்டியவற்றில் நுண்துளைகள் மிகக் குறைவு. கல் பாதுகாப்பு பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி ஐரோப்பாவின் சுண்ணாம்புக்கல், மணற்கல் கட்டடங்களைப் பற்றியது. அமில மழை கல்லைக் கரைக்கும் கதையெல்லாம் அங்கே பொருந்தும். அதை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்தக் கூடாது. கருங்கல் சாகாது என்று இருந்துவிடவும் கூடாது. அதற்கும் வலுக்குறைந்த இடங்கள் உண்டு: இணைப்புகள், உளி பட்டு நுண்விரிசல் விட்ட மேல்தோல், இரும்புச்சத்துள்ள கறுப்பு மைக்கா நிறைந்த பட்டைகள்.

இரண்டாவது வேலை படம் வரைவது. புகைப்படம் எடுத்தாலும் கையால் வரையுங்கள், வரையும்போதுதான் கண் ஒவ்வொரு கல்லிலும் நிற்கும். ஒரு தூணையோ ஐந்தாறு படிகளையோ மட்டும் எடுத்துக்கொண்டு, கல் கல்லாகக் கட்டம் போட்டு எண் கொடுங்கள். பிறகு ஒவ்வொரு கல்லிலும் என்ன கேடு என்று குறியுங்கள். நினைவுச்சின்னங்களுக்கான பன்னாட்டு அமைப்பான இக்கோமாஸின் கல் குழு 2008-ல் வெளியிட்ட சொல்விளக்கம் கேடுகளை ஐந்து குடும்பமாகப் பிரிக்கிறது. விரிசலும் உருத்திரிபும் ஒன்று. பெயர்ந்து வருவது இரண்டாவது: செதிலாக, தகடாக, பொடியாக. பொருள் இழப்பு மூன்றாவது: தேய்மானம், குழி, உடைந்துபோன மூலை. நிறமாற்றமும் படிவும் நான்காவது: எண்ணெய்ப் பிசுக்கு, விளக்குப் புகை, சுண்ணாம்புக் கறை, பெயின்ட், துருநிறம். உயிரினங்கள் குடியேறுவது ஐந்தாவது: பாசி, கல்மேல் படரும் லைக்கன், அரசங்கன்று. இந்த ஐந்துக்கும் ஐந்து வண்ணப் பென்சில் வைத்துக்கொண்டால் வேலை எளிது.

மூன்றாவது, உயரத்தை அளப்பது. என்னைக் கேட்டால் இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. ஆற்றோர மண்டபத் தூண் ஒன்றைக் கீழிருந்து மேலே பாருங்கள். தண்ணீரிலேயே கிடக்கும் அடிப்பகுதி பாசி பிடித்திருக்கும், ஆனால் கல் கெட்டியாக இருக்கும். அதற்கு மேலே, நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து கிடக்கும் ஒரு பட்டையில்தான் செதில் பெயர்வதும் பொடி உதிர்வதும் அதிகம். அதற்கும் மேலே மறுபடி கல் நன்றாக இருக்கும். அந்தப் பட்டை தரையிலிருந்து எந்த உயரத்தில் தொடங்கி எந்த உயரத்தில் முடிகிறது என்று நாடாவால் அளந்து எழுதுங்கள்.

காரணம் உப்பு. வீட்டுச் சுவரின் அடிப்பக்கம் பொரிந்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள், இங்கும் நடப்பது அதுதான். தண்ணீர் இணைப்புகள் வழியாகவும் நுண்விரிசல் வழியாகவும் ஏறும். கரைந்த உப்பையும் கூட்டிக்கொண்டு ஏறும். ஓர் உயரத்தில் வெயிலும் காற்றும் பட்டு நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் தங்கிப் படிகமாக வளரும். வளரும் படிகம் சுற்றியிருக்கும் கல்லை நெட்டித் தள்ளும். அடுத்த மழையில் கரைந்து, அடுத்த வெயிலில் மறுபடி படிகமாகும். சோடியம் சல்பேட் இதில் கொடியது. ஆய்வகத்தில் ஒரு கல் எத்தனை நாள் தாங்கும் என்று சோதிக்க அந்த உப்புக் கரைசலில்தான் கல்லை முக்கிக் காயவைக்கிறார்கள். அதே சோடியம் சல்பேட்டைச் சலவைத்தூள்களில் எடை கூட்டும் நிரப்பியாகச் சேர்க்கிறார்கள். போர்ட்லாந்து சிமென்ட்டிலும் இந்த வகை உப்புகள் உண்டு. படித்துறையில் துவைக்கிறவர்கள்மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. வீட்டுச் சாக்கடை வழியாக வரும் சலவை நீரும் அதே ஆற்றுக்குத்தான் வருகிறது. தண்ணீரில் கலப்பதற்கும் தூண் உதிர்வதற்கும் நடுவே நேரான ஒரு பாதை இருக்கிறது என்பதை நோட்டில் காட்ட முடியும், அதற்காகத்தான் உயரத்தை அளக்கச் சொல்கிறேன்.

வெள்ளையாக எது பூத்திருந்தாலும் உப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். லென்ஸ் வைத்துப் பாருங்கள். உப்பு என்றால் பஞ்சு இழைபோல், ஊசி ஊசியாக நிற்கும். லைக்கன் என்றால் விளிம்பு தெளிவான வட்டமாக, கல்லோடு ஒட்டிக் கிடக்கும். பழைய வெள்ளைப் பூச்சு என்றால் தட்டையான ஏடாக உரியும். உப்புபோல் தெரிந்தால் மென்பிரஷால் ஒரு சிட்டிகை காகிதத்தில் உதிர்த்து, காய்ச்சி வடித்த நீரில் போடுங்கள். கரைந்தால் உப்பு. கரையாமல் அடியில் தங்கி, ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறுக்கு நுரைத்தால் அது சுண்ணாம்பு. எலுமிச்சைச் சாற்றைக் கல்மேல் விடாதீர்கள், தனித் தட்டில்தான். கரைந்த நீரில் நைட்ரேட், சல்பேட் சோதனைப் பட்டைகளை நனைத்தால் எந்த உப்பு என்று ஓரளவு தெரியும். நைட்ரேட் அதிகம் காட்டினால் கழிவுநீர், சிறுநீர், கூரையில் தொங்கும் வௌவால்களின் எச்சம் என்று மூன்று பக்கமும் பாருங்கள்.

நீர்ச்சொட்டுச் சோதனையும் செய்துபாருங்கள். சொட்டுக்குழலால் படியின் கிடைப்பரப்பில் ஒரே ஒரு சொட்டு. நல்ல கல்லில் அது முத்தாக நின்று, வெயிலில் சுருங்கி மறையும். தோல் தளர்ந்த கல்லில் சொட்டு உடனே பரவிக் கறுப்பு வட்டமாகிக் கல்லுக்குள் இறங்கும். எத்தனை வினாடியில் மறைந்தது என்று எழுதுங்கள். எண்ணெய் ஊறிய கல்லிலும் சொட்டு முத்தாக நிற்கும் என்பதால் விளக்கேற்றும் இடத்தில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். அடுத்து விரல் முட்டியால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். கெட்டியான கல்லில் ஓசை அடங்கிக் கேட்கும், உள்ளே தகடு விட்டிருந்தால் பொத்தென்று வெற்றோசை வரும். சுத்தியலோ நாணயமோ வேண்டாம். சாயுங்காலம் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் படுக்கைவாட்டில் அடித்துப் பார்த்தால், பகலில் தெரியாத செதிலும் தேய்ந்துபோன எழுத்தும் நிழல் கட்டி எழுந்து வரும்.

கடைசியாக, பழுது பார்த்த இடங்கள். எங்கே சிமென்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள், எங்கே பழைய சுண்ணாம்புக் காரை மிஞ்சியிருக்கிறது என்று குறியுங்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை அடைத்துவிட, ஈரம் பக்கத்துக் கல் வழியாக வெளியேறப் பார்க்கும். சிமென்ட் பூச்சுக்கு ஒட்டிய கல்லின் விளிம்பு மற்ற இடத்தைவிட அதிகம் உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் அந்தப் பக்கத்தை விரிவாகப் படமெடுங்கள்.

தண்ணீரைப் படிப்பது

எந்த அளவை எடுத்தாலும் ஒவ்வொரு முறையும் அதே மணிக்கு எடுக்க வேண்டும். பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் ஆக்சிஜனை வெளியிடும், இரவில் எல்லாமே மூச்சுவிட்டு அதைச் செலவழிக்கும். விடியற்காலையில் குறைவாகவும் பிற்பகலில் அதிகமாகவும் காட்டுவது இயல்பு. ஒரு மாதம் காலை ஆறு மணி, அடுத்த மாதம் மதியம் மூன்று மணி என்று எடுத்தால் அந்த இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

கரைந்த ஆக்சிஜன் பார்க்கும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் கை தடுமாறும். பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து, குமிழ் எதுவும் தங்காமல் மெல்ல நிரப்பி, உள்ளேயே மூடி வெளியே எடுங்கள். ஒரு சின்னக் குமிழ் இருந்தாலும் கணக்குத் தப்பும். கிட்டில் உள்ள முதல் இரண்டு திரவங்களையும் விட்டு மூடித் தலைகீழாகக் கவிழ்த்தால் பழுப்பு நிறத்தில் திரிதிரியாக ஒன்று உருவாகி இறங்கும். பழுப்பு அடர்த்தியாக இருந்தால் ஆக்சிஜன் நிறைய, வெள்ளையாகவே நின்றால் ஆக்சிஜன் இல்லை. அமிலம் விட்டதும் திரிகள் கரைந்து பொன்மஞ்சள் நிறமாகும். அதில் கிட்டில் உள்ள தயோசல்பேட் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் வெளிறியதும் ஸ்டார்ச் சேர்த்தால் நீலமாகும். அந்த நீலம் மறையும் கடைசிச் சொட்டு வரை கணக்கிட வேண்டும். கையுறை கட்டாயம். மிஞ்சிய திரவத்தை ஆற்றில் கொட்டாதீர்கள், தனி பாட்டிலில் ஊற்றி ஆய்வகத்துக்கே கொண்டுபோய்ச் சேருங்கள்.

எண்ணை எதோடு ஒப்பிடுவது? குளிக்கத் தகுந்த நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவுகோல் இருக்கிறது. பிஎச் 6.5 முதல் 8.5 வரை, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராம், பிஓடி என்னும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமுக்கு மிகாமல். தண்ணீர் சூடாக ஆக அதில் தங்கும் ஆக்சிஜன் குறையும். 30 டிகிரியில் சுத்தமான தண்ணீர்கூட லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுக்குத்தான் தாங்கும். ஆகவே வெப்பநிலையை எழுதாத ஆக்சிஜன் அளவை அரைகுறைப் பதிவாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

டிடிஎஸ் மீட்டர் எல்லாருக்கும் தெரிந்தது, வீட்டுக்கு ஆர்ஓ விற்க வருகிறவர்கள் காட்டுவது. கரைந்த உப்பின் மொத்த அளவை அது சொல்லும். கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. டிடிஎஸ் குறைவு, அதனால் தண்ணீர் நல்லது என்று எழுதிவிடாதீர்கள். நம் வேலையில் அதன் பயன் வேறு: மேல்புள்ளிக்கும் கீழ்ப்புள்ளிக்கும் உப்பு எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும். அந்த ஏற்றத்தை அதே கரையில் உள்ள தூணின் உப்புப் பட்டையோடு சேர்த்துப் படிக்கலாம். பிஓடி, கோலிஃபார்ம் என்னும் கிருமி போன்றவற்றுக்கான சோதனைகளை நீங்களே செய்ய வேண்டாம். மாதிரி எடுக்கும் முறையை ஆய்வகத்தில் கேட்டு, கிருமி நீக்கிய பாட்டிலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்ப்பித்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர் ஆய்வுக்கூடம் மாவட்டத்தில் இருக்கிறது.

கல்லுக்கு அடியில் இருப்பவர்கள்

மீட்டர் காட்டுவது அந்த நிமிடத்துக் கதை. ஆற்றில் வாழும் பூச்சிகள் கடந்த சில வாரங்களின் கதையைச் சொல்லும். இரவில் திறந்துவிட்ட கழிவு காலையில் கடந்துபோயிருக்கும், ஆனால் அது கொன்ற பூச்சிகள் திரும்ப வர நாளாகும்.

முழங்கால் அளவுக்குக் குறைவான, கூழாங்கல் உள்ள ஓட்டத்தில் வலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, தண்ணீர் வரும் பக்கமாக வலைக்கு முன்னால் நின்று மூன்று நிமிடம் காலால் அடியைக் கிளறுங்கள். வலையில் சேர்வதை வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீரோடு கவிழ்த்து அசையாமல் காத்திருங்கள். முதலில் சருகும் மணலும்தான் தெரியும். ஒரு நிமிடத்தில் மணலே நகரத் தொடங்கும். மணல் துகள்களை ஒட்டிக் குழாய்போல் வீடு கட்டி, தலையை மட்டும் நீட்டி இழுத்துப்போகும் புழு அது, கேடிஸ் ஈயின் குஞ்சு. வயிற்றின் இரு ஓரமும் இலை இலையாகச் செவுள் துடிக்க, பின்னால் வால்முடி நீண்டு நிற்பது மே ஈயின் குஞ்சு. இவை இரண்டும் பல வகையாக இருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். சிவப்பு நூல்போல் நெளியும் புழுக்கள் மட்டுமே மண்டிக் கிடந்தால் கழிவு மிகுந்து ஆக்சிஜன் குறைந்த இடம் என்று பொருள். அந்தப் புழுவின் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் குறைந்த ஆக்சிஜனிலும் தாக்குப்பிடிக்கும், சிவப்பு நிறமும் அதனால்தான். எண்ணிப் படமெடுத்ததும் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

கல்லூரியில் நுண்ணோக்கி கிடைக்கிறவர்கள் டயட்டம் என்னும் ஒருசெல் பாசிகளையும் பார்க்கலாம். ஆற்றில் கிடக்கும் கூழாங்கற்கள் ஐந்தாறை எடுத்து, பல் துலக்கும் பிரஷால் மேல்பக்கப் படலத்தைத் தேய்த்து ஒரு புட்டியில் சேர்க்க வேண்டும். படித்துறையின் கல்லில் பிரஷ் போட வேண்டாம். படித்துறைப் படலம் எப்படி இருக்கிறது என்று கூழாங்கல்லே சொல்லிவிடும்.

இரண்டையும் ஒரே பக்கத்தில்

நோட்டின் இடப்பக்கம் கல், வலப்பக்கம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி, மணி, வானிலை, நீர்மட்டம் எந்தப் படி வரை என்பவை பொதுவாக மேலே. படிகளை மேலிருந்து எண்ணி, இன்று எத்தனையாவது படியில் தண்ணீர் நிற்கிறது என்று எழுதினால் அதுவே நல்ல நீர்மட்ட அளவுகோல்.

பொறுமை வேண்டியது இங்கேதான். கீழ்ப்புள்ளியில் உப்பு கூடுதல், அதே இடத்தில் தூண் உதிர்வதும் கூடுதல் என்று இரண்டு மாதத்தில் தெரிந்தால் உடனே ஒன்றால்தான் மற்றொன்று என்று அறிவித்துவிடக் கூடாது. அந்தத் தூணுக்குச் சிமென்ட் பூசியிருக்கலாம், வேறு கல்லாக இருக்கலாம், மேற்கு வெயில் நேராக அடிக்கும் பக்கமாக இருக்கலாம். ஒரே கல், ஒரே திசை, ஒரே உயரம் என்று இணையான தூண்களை இரு புள்ளியிலும் தேடிப் பிடித்த பிறகே ஒப்பிடுங்கள்.

கரையில் இருக்கிறவர்களிடம் பேசுவதும் பதிவில் சேர்ந்ததுதான். “ஆச்சி, முந்தி கோடையில எந்தப் படி வரைக்கும் தண்ணி நிக்கும்?”, “அண்ணாச்சி, இந்த மண்டபத்துக்குப் பெயின்ட் அடிச்சது எந்த வருஷம்?” என்று கேளுங்கள். இத்தகைய விவரம் எந்த மீட்டரிலும் வராது. சொன்னதைச் சொன்னபடி, சொன்னவர் சம்மதத்தோடு எழுதிக்கொள்ளுங்கள்.

எப்போதெல்லாம் போவது?

மாதம் ஒருமுறை என்பது அடிப்படை. தாமிரபரணிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியில் மலையில் பெய்யும் தென்மேற்கு, ஐப்பசி, கார்த்திகையில் ஊரெல்லாம் பெய்யும் வடகிழக்கு. பங்குனி, சித்திரையில் ஓட்டம் மெலிந்து கழிவின் விகிதம் கூடும். உப்புப் பூப்பதும் அப்போதுதான் நன்றாகத் தெரியும். கோடைக்குப் பின் முதல் பெருமழை தெருவிலும் ஓடையிலும் தேங்கியதை எல்லாம் ஒரே அடியாக ஆற்றுக்குக் கொண்டுவரும், முடிந்தால் மறுநாளே போய்ப் பாருங்கள். கூட்டம் சேரும் நாட்களுக்கு முன்னும் பின்னும் ஓர் அளவு எடுத்துவைப்பது நல்லது. ஆடி அமாவாசை, தைப்பூசம் வருடந்தோறும் வரும். 2018 அக்டோபரில் நடந்த மகா புஷ்கரம் என்னும் நீராடல் விழாபோல எப்போதாவது ஒருமுறை பெருங்கூட்டமும் வரும்.

வெள்ளத்துக்குப் பின் செய்ய வேண்டியது தனி. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பதால் பெருவெள்ளத்தில் மூழ்கும், உற்சவரை முன்கூட்டியே கரையில் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளம் ஆற்றங்கரை மண்டபங்கள் பலவற்றை மூழ்கடித்துப் போனது. அப்படிப்பட்ட வெள்ளம் வடிந்ததும் மண்டபச் சுவரில் வண்டல் கோடு ஒன்று நிற்கும். அடுத்த மழையோ கழுவிவிடும் பணியோ அதை அழிப்பதற்குள் உயரத்தை அளந்து படமெடுத்துவிட வேண்டும். தூணின் அடியில் மண் அரித்துப் பள்ளம் விழுந்திருக்கிறதா, படிக்கல் இடம் பெயர்ந்திருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பாருங்கள்.

சுத்தம் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு

பதிவு செய்யத் தொடங்கியதும் கை பரபரக்கும். நண்பர்களைக் கூட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தைத் தேய்த்துக் கழுவிவிடலாம் என்று தோன்றும். பிளாஸ்டிக், துணி, குப்பையை அள்ளுங்கள், அதில் யோசிக்கவே வேண்டாம். கல்லைத் தொடும் விஷயத்தில் நிதானம் வேண்டும்.

ஆசிட் ஊற்றவே கூடாது. அது இணைப்பில் உள்ள சுண்ணாம்புக் காரையைத் தின்னும், கல்லில் உள்ள இரும்பைக் கிளப்பித் துருக்கறை விடும், வழிந்து ஆற்றில் இறங்கி நீங்கள் தட்டில் எண்ணிய பூச்சிகளைக் கொல்லும். பிளீச்சிங் பவுடர் கல்லுக்குள் குளோரைடு உப்பை விட்டுச்செல்லும். பாசி கொல்லி என்று விற்கும் பென்சால்கோனியம் குளோரைடு கலந்த மருந்துகள் மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் கடும் நஞ்சு. கட்டடத்துக்கு எதைப் பரிந்துரைத்தாலும் ஆற்றுப்படியில் அதற்கு இடமில்லை. மணலைப் பீய்ச்சி அடிப்பதும், அழுத்த நீர் அடிப்பதும், கம்பி பிரஷும் உளி வைத்த தோலையே உரித்துவிடும். ஒருமுறை மணல் அடித்த சிற்பத்தின் முகம் திரும்ப வராது. உரிந்த தோல் சொரசொரப்பாகி முன்னைவிட வேகமாகப் பாசி பிடிக்கவும் செய்யும்.

உலர்ந்த மென்பிரஷ், அது போதாவிட்டால் வெறும் தண்ணீரும் நைலான் பிரஷும், அதற்கு மேல் வேண்டுமென்றால் கல் பாதுகாப்பு தெரிந்தவர்கள். அரசங்கன்று விரல் அளவுதான் இருக்கிறது என்று பிடுங்காதீர்கள். வேர் உள்ளே ஓடியிருந்தால் பிடுங்கும்போது கல்லும் சேர்ந்து அசையும். அதை எண் கொடுத்துப் பதிந்து, பொறுப்பில் உள்ளவர்களுக்குக் கடிதமாகக் கொடுங்கள். லைக்கன் படர்ந்த கல்லைக் கண்டதும் சுரண்டத் தோன்றும். மெதுவாக வளரும் அது பல இடங்களில் பெரிய கேடு செய்வதில்லை, சுரண்டினால் கல்லின் தளர்ந்த தோலும் கூடவே வந்துவிடும். எழுத்தை மறைக்காத வரை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

யாரோடு சேர்வது?

அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், ஆழ்வார்குறிச்சியில் அதன் சுற்றுச்சூழல் அறிவியல் மையம், பாளையங்கோட்டையில் பழைய கல்லூரிகள் என்று நீரியல், விலங்கியல் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. பூச்சிகளை இனம் காண முதல் சில தடவை அவர்களில் ஒருவர் உடன் இருந்தால் பாதிச் சந்தேகம் தீரும். மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் ஆண்டுதோறும் தை மாத வாக்கில் நடத்தும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேருங்கள். குளக்கரையில் நின்று எண்ணிப் படிவத்தில் நிரப்பும் ஒழுங்கு அங்கே கைவரும், அதே ஒழுங்கு கல்லுக்கும் பயன்படும். கல் பக்கத்துக்கு நிலவியல் (ஜியாலஜி) படித்தவர் ஒருவரும், சுண்ணாம்புக் காரை வேலை தெரிந்த கொத்தனாரோ ஸ்தபதியோ ஒருவரும் வேண்டும். அந்தக் காலத்துக் காரையில் கடுக்காயும் வெல்லமும் எந்தப் பக்குவத்தில் சேர்ந்தன என்று கைப்பழக்கமாக அறிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் அவர் பேச்சையும் ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடப் பதிவு சேர்ந்ததும் மூன்று நகல் எடுங்கள். ஒன்று அந்த மண்டபத்தின் பொறுப்பில் இருக்கும் அலுவலகத்துக்கு, ஒன்று பக்கத்துக் கல்லூரி நூலகத்துக்கு, ஒன்று உங்களிடம். கைபேசியில் உள்ள படங்களுக்கு இடம், தூண் எண், தேதி என்று பெயர் மாற்றி வேறொரு வன்தட்டிலும் போட்டுவையுங்கள். பெயரில்லாத ஆயிரம் படங்களால் யாருக்கும் பயனில்லை. அடுத்த முறை அந்த மண்டபத்துக்குத் திருப்பணி என்று ஒப்பந்தப்புள்ளி வருவதற்கு முன்பே இந்தப் பதிவு அலுவலகக் கோப்பில் இருந்தால், எந்தக் கல்லைத் தொட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று பேச உங்களிடம் படமும் அளவும் இருக்கும்.